சாக்கு தைத்த ஊரும் சண்டைக்குப் போன பட்டாளமும்: டண்டீ பயணக் குறிப்புகள்

வியாழன், டண்டீ

ஸ்காட்லாந்தில், எடின்பரோவிலிருந்து டண்டீக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஊருக்குள் நுழையுமுன் ரயில் டே ஆற்றைக் கடக்கிறது. பாலத்தை ஒட்டி, தண்ணீருக்கு மேலே மொட்டைத் தூண்கள் வரிசையாகத் தெரிகின்றன. 1879 டிசம்பர் 28 அன்று இரவு, அடித்த புயலில் ரயிலோடு சேர்ந்து விழுந்த பழைய பாலத்தின் மிச்சம். "இதை ஊர் எல்லையிலேயே காட்டணுமா மாமா?" என்றான் கூட வந்த தங்கை மகன். எடின்பரோவில் படிக்கிறான். வார இறுதியைக் கடன் கேட்டு இழுத்து வந்திருக்கிறேன்.

இங்கே வருகிறவர்கள் ஆற்றங்கரையில் 2018ல் திறந்த வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தையும், கேப்டன் ஸ்காட் தென்துருவப் பக்கம் ஓட்டிப்போன டிஸ்கவரி கப்பலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் வந்தது சாக்குக்காக. நூல் மில் மெயின்டெனன்ஸ் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன். பஞ்சு தெரியும், சணல் தெரியாது. அதோடு, இந்த ஊர் சணல் மில் ஆட்கள் ஒரே பட்டாளமாகப் போய் முதல் உலகப் போரில் ஒரே காலையில் விழுந்த கதையை எங்கோ நாலு வரி படித்ததிலிருந்து அது மனதில் கிடந்தது.

ஸ்டேஷனிலிருந்து நடந்தே வெர்டன்ட் ஒர்க்ஸுக்குப் போனோம். 1833ல் கட்டிய மில். இப்போது சணல் அருங்காட்சியகம். உள்ளே போனதும் வாசலிலேயே அந்த வாசனை. அரிசி மண்டியில் காலி சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அதே வாசனைதான். இத்தனை தூரம் வந்து அதை முகர்ந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். தங்கை மகனுக்குத் தும்மல்.

சணல் வங்காளத்தில் விளைவது. 180 கிலோ பேல் பேலாகக் கட்டி, கல்கத்தாவில் கப்பலேற்றி, உலகத்தைச் சுற்றி இந்தக் குளிர் ஊருக்குக் கொண்டுவந்து நூற்றார்கள். ஏன் இங்கே? மில்காரன் மூளைக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான். பதில் எண்ணெயில் இருக்கிறது. காய்ந்த சணல் நார் மொரமொரவென்று இருக்கும். அப்படியே கார்டிங்கில், அதாவது நாரைச் சீவும் மெஷினில், விட்டால் ஒடிந்து தூளாகிவிடும். எண்ணெயும் தண்ணீரும் தெளித்து ஊறவைத்தால்தான் நெகிழும். டண்டீயில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இருந்தன. ஆர்க்டிக் வரை போய் வந்த அந்தக் கப்பல்கள் இறக்கிய எண்ணெய், சணலுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. ஏற்கெனவே ஆளி நாரில் முரட்டுத் துணி நெய்து பழகிய கைகளும் இருந்தன. 1830களில் மெஷினில் சணல் நூற்கக் கற்றுக்கொண்டார்கள். 1838ல் டச்சு அரசாங்கம் காப்பிக்கொட்டை மூட்டைக்குச் சணல் சாக்கு கேட்டது. அப்புறம் நிற்கவே இல்லை.

போர் ஒவ்வொன்றும் இந்த ஊருக்கு ஆர்டராகவே வந்திருக்கிறது. கிரிமியப் போரில் ரஷ்ய ஆளி நார் வரத்து நின்றது, சணலுக்கு ஏற்றம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி நின்றது, மறுபடியும் ஏற்றம். கூடாரம், வண்டி மூடும் துணி, குதிரைக்குத் தீனிப்பை, மணல் மூட்டை எல்லாமே சணல். வழிகாட்டி அம்மா இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு ஒரே ஒரு தறியை ஓடவிட்டார். பேச்சு அதோடு நின்றது. ஒரு தறிக்கே இப்படி என்றால், நூற்றுக்கணக்கில் ஓடிய ஷெட்டில் என்ன பேசியிருப்பார்கள்? பேசவில்லை. உதட்டசைவைப் படித்தார்கள், கையால் சைகை காட்டினார்கள். காது போனவர்கள் ஏராளம். தூசியில் நெஞ்சும் போயிற்று.

நான் எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. மில் ஆட்களில் நாலில் மூன்று பேர் பெண்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு, சிறுவனுக்கும் குறைவு. பையன்களைச் சின்ன வயதில் சேர்த்துக்கொள்வார்கள். பதினெட்டு வயதாகி ஆண் ஆளின் கூலி கொடுக்கவேண்டிய நேரம் வந்ததும் அனுப்பிவிடுவார்கள். மனைவி மில்லுக்குப் போவாள், புருஷன் வீட்டில் இருந்து அடுப்பைப் பார்ப்பான். அவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'கெட்டில் கொதிக்க வைப்பவன்'.

சரி, பதினெட்டு வயதில் வேலை போன பையன் எங்கே போவான்? பட்டாளம்தான். ஸ்காட்லாந்தின் பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்டின் நாலாவது பட்டாலியன் 'டெரிடோரியல்' வகை. வாரத்தில் சில மாலைகள் பயிற்சி, வருடத்துக்கு ஒரு முகாம், கையில் கொஞ்சம் காசு. அதற்கு ஆள் எடுத்தது டண்டீயில்தான். தேசப்பற்று, வீரம் எல்லாம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியதில் மில்லின் கூலிக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

வெள்ளி, லோக்கீ

இரவெல்லாம் மழை. காலையில் பஸ் பிடித்து லோக்கீ. ஐரிஷ் பஞ்சத்துக்குப் பிறகு பிழைக்க வந்தவர்கள் குடியேறியதால் இதற்குக் 'குட்டி டிப்பரரி' என்று பெயர். இங்கேதான் காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஒர்க்ஸ் இருந்தது. 1850ல் தொடங்கி, உலகத்திலேயே பெரிய சணல் ஆலையாக வளர்ந்தது. உள்ளேயே ரயில் பாதை, பாதி நாள் வேலையும் பாதி நாள் படிப்புமாக இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்திருக்கிறது. 1981ல் மூடினார்கள்.

இப்போது அந்த நிலத்தில் கடைகள், கார் நிறுத்துமிடம், அடுக்குமாடி வீடாக மாற்றிய பழைய மில் கட்டடம். நடுவில் புகைபோக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. 'காக்ஸ் ஸ்டாக்' என்கிறார்கள். 1865-66ல் கட்டியது, 282 அடி. புகை போவதற்குத்தானே என்று வெறும் குழாயாக விட்டுவிடவில்லை. பல நிறச் செங்கலில் பட்டை பட்டையாக, இத்தாலியக் கோயில் கோபுரம் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கப் பார்த்தோம். கீழே தரை மட்டத்தில் செங்கல் அடுக்கு எவ்வளவு இறுக்கம் என்று விரலால் தடவினேன். பூச்சு அங்கங்கே புதுப்பித்திருக்கிறார்கள், நேர்த்தியான வேலை. முதலாளிக்குத் தன் பெயர் ஊர் முழுக்கத் தெரியவேண்டும் என்று ஆசை. அந்த ஆசை மட்டும் மில்லைவிட அதிக நாள் வாழ்ந்துவிட்டது.

மதியம் ஹில்டவுன் ஏற்றம். பெயருக்கேற்ற மேடு, முழங்கால் கேள்வி கேட்கிறது. அங்கே கால்ட்ரம் தெரு. ஹாரி வாக்கர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் கால்ட்ரம் ஒர்க்ஸ் இந்தப் பக்கம்தான். கேம்பர்டவுனுக்கு அடுத்த பெரிய ஆலை. தெருவில் காட்டிக்கொடுக்கும்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு மளிகைக் கடை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். இந்தத் தெருவுக்கு நான் வந்ததற்குக் காரணம் கட்டடம் இல்லை. இந்த வாக்கர் குடும்பத்தைச் சேர்ந்த ஹாரி வாக்கர்தான் நாலாவது பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர், லெப்டினன்ட் கர்னல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மில் முதலாளி வீட்டுக்காரர் கர்னல். அவருக்குக் கீழே வரிசையில் நிற்பவர்களில் பலர் ஊர் மில்களில் வேலை செய்தவர்கள், செய்து நின்றவர்கள், மில்லில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள், புருஷன்கள். மில்லில் இருந்த மேல் கீழ் அப்படியே சீருடை மாட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போயிருக்கிறது. ஒரு வித்தியாசம். மில்லில் முதலாளி தூசியில் நிற்கமாட்டார். இங்கே கர்னல் ஆட்களோடு போனார், திரும்பவில்லை.

ராத்திரி சாப்பாடு ஒரு பேக்கரியில். பிரைடி என்று அரைவட்டமாக மடித்த இறைச்சிப் பண்டம். சூடாக இருக்கும்வரை நன்றாக இருக்கிறது.

சனி, லா குன்று

ஊரின் நடுவில் 174 மீட்டரில் ஒரு குன்று, பெயர் 'லா'. அணைந்த எரிமலையின் மிச்சம். உச்சியில் போர் நினைவுச்சின்னம்: கார்ன்வால் கிரானைட்டில் ஒரு தூண், தலையில் வெண்கலத் தீச்சட்டி. 1925ல் திறந்தார்கள். போரில் இறந்த டண்டீக்காரர்கள் நாலாயிரத்துக்கும் மேல். நவம்பரில் நாடு முழுக்க அஞ்சலி செலுத்துகிற நாட்களில் இங்கே தீ எரியும். அதோடு செப்டம்பர் 25 அன்றும் எரியும். அந்தத் தேதி இந்த ஊருக்கு மட்டும் உரியது.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. பட்டாலியன் 1915 பிப்ரவரியில் பிரான்ஸுக்குப் புறப்பட்டது. 'டண்டீஸ் ஓன்' என்பது ஊரார் கொடுத்த பெயர். பத்திரிகை ஆபீஸ்களிலிருந்து சேர்ந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும்கூட அதில் இருந்தார்கள். அவர்களில் ஜோசப் கிரே என்ற ஓவியர், பத்திரிகைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர், துப்பாக்கியோடு போய் வந்து பிறகு அந்தப் பட்டாலியனையே பெரிய கேன்வாஸில் தீட்டினார். அதில் பல முகங்கள் உண்மையான ஆட்களுடையவை. மக்மேனஸ் காட்சிக்கூடத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது.

பிரான்ஸில் மார்ச்சில் நோவ் ஷபெல், மே மாதம் ஒபேர் மேடு, ஃபெஸ்டூபேர் என்று சண்டைக்குச் சண்டை ஆள் குறைந்துகொண்டே போனது. செப்டம்பர் 25ல் வட பிரான்ஸில் லூஸ் என்ற ஊரில் சண்டை. பிரிட்டிஷ் படை முதன்முதலாகக் குளோரின் வாயுவை ஆயுதமாக எடுத்த நாள் அது. நாலாவது பட்டாலியனுக்குக் கொடுத்த வேலை, லூஸுக்கு வடக்கே தனியாக ஒரு தாக்குதல். ஜெர்மன்காரன் தன் சேமப்படையை லூஸ் பக்கம் நகர்த்தாமல் இங்கேயே கட்டிப்போடவேண்டும். கவனத்தைத் திருப்புவதற்கான சண்டை என்று பொருள். காலை ஆறு மணிவாக்கில் பாய்ந்தார்கள். முதல் வரிசையைப் பிடித்து, அதைத் தாண்டி, வேகத்தில் உள்ளே வெகுதூரம் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் காப்பு இல்லை. எதிர்த்தாக்குதலில் பிடித்த இடமெல்லாம் கைவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. போன 20 அதிகாரிகளில் 19 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். சிப்பாய்களில் பாதிக்கு மேல் அதே கதி. கர்னல் வாக்கர் இறந்தார். அடுத்த மார்ச்சில், மிஞ்சியவர்களை ஐந்தாவது பட்டாலியனோடு சேர்த்துவிட்டார்கள்.

ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே மில் ஆட்களை ஒரே பட்டாலியனில் போட்டால் நடப்பது இதுதான். தந்திக்காரன் ஒரு தெருவில் ஒரு கதவோடு நிற்கமாட்டான்.

அந்த நேரத்தில் ஊரில் மில்கள் என்ன செய்துகொண்டிருந்தன? மணல் மூட்டைக்குத் துணி நெய்துகொண்டிருந்தன. பதுங்குகுழியின் விளிம்பில் அடுக்குகிற சாக்கு. வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையால் தைத்துத் தருகிற பெண்கள் டண்டீயில் வெகுகாலமாக உண்டு. மிகக் குறைந்த கூலி, முரட்டு ஊசி, பிள்ளைகளும் கூட உட்கார்ந்து தைப்பார்கள். புருஷன் தலைக்கு மேல் அடுக்கிய மூட்டை மனைவி தைத்ததாகவும் இருக்கலாம். கல்கத்தாவில் ஹூக்ளிக் கரை மில்லில் நெய்ததாகவும் இருக்கலாம், ஏனென்றால் அதற்குள் உற்பத்தியில் கல்கத்தா டண்டீயை மிஞ்சிவிட்டிருந்தது. அங்கேயும் மேனேஜர், மேஸ்திரி, மெஷின் எல்லாம் பெரும்பாலும் டண்டீயிலிருந்து போனவைதான்.

லாபம் இரண்டு ஊர் மில்களுக்கும் கொட்டியது. சணலை விளைவித்தவர்களுக்கு? போர் வந்ததும் ஜெர்மனி, ஆஸ்திரியா சந்தைகள் அடைபட்டன. 1914 அறுவடைக்குக் கச்சாச் சணல் விலை படுத்துவிட்டது. கிழக்கு வங்காளத்துக் குடியானவன் கடனில் விழுந்தான். சாக்கு விலை ஏறிய அதே போரில் நார் விலை இறங்கியது. பஞ்சு மார்க்கெட் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இன்னொன்று. இந்த ஊரின் எம்.பி. அப்போது வின்ஸ்டன் சர்ச்சில், 1908லிருந்து. 1922ல் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். ஜெயித்தவர்களில் ஒருவர் மதுவிலக்குக் கட்சிக்காரர். சர்ச்சில் எங்கெங்கோ வென்றார், கடைசியில் சணல்காரிகளிடம் செல்லவில்லை.

போர் முடிந்து 1920ல் காக்ஸ், வாக்கர் உட்பட்ட பெரிய கம்பெனிகள் 'ஜூட் இண்டஸ்ட்ரீஸ்' என்ற பெயரில் ஒன்றாயின. போர் லாபம் வற்றியதும் தேக்கம். 1939ல் மறுபடியும் மணல் மூட்டை. அந்த முறை அரசாங்கமே சணல் வணிகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. கல்கத்தாச் சரக்கை வாங்கி, டண்டீ விலைக்கு ஏற்றி விற்றது. டண்டீ மில்களைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு போர் முடிந்த பிறகும் பல வருடம் ஓடியது. 1998ல் கடைசிச் சணல் கப்பல் வந்து போனதும் துறைமுகத்தில் அந்த வாசனை நின்றது.

ஞாயிறு

பயணம். லண்டன், அங்கிருந்து கடலுக்கடியில் போகும் ரயிலில் பிரான்ஸின் லீல் நகரம். தங்கை மகன் பாதியில் கழன்றுகொண்டான், திங்கள் பரீட்சையாம். எழுத ஒன்றும் இல்லை. லீலில் மழை இல்லை.

திங்கள், லூஸ், நோவ் ஷபெல்

வாடகைக் காரில் முதலில் லூஸ் நினைவகம். 'டட் கார்னர்' கல்லறைத் தோட்டத்தின் இரண்டு பக்கமும் பின்புறமும் சுவர். சுவர் முழுக்கப் பெயர்கள். உடல் கிடைக்காத, கல்லறை தெரியாத 20,000 பேருக்கும் மேல். ஓரத்தில் ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறது, படியேறிப் பார்த்தால் சண்டை நடந்த வெளி முழுவதும் தெரியும். தட்டையான பீட்ரூட் வயல்கள், தூரத்தில் நிலக்கரிக் கழிவு மேடுகள். ஒளிந்துகொள்ள ஒரு புதர் இல்லை.

பிளாக் வாட்ச் பெயர்களுக்கு மட்டும் பல பலகைகள் வேண்டியிருந்திருக்கின்றன. பதவி வாரியாக, அதற்குள் அகரவரிசை. எந்தப் பட்டாலியன் என்று கல்லில் போடவில்லை. அதனால் டண்டீ ஆளையும், வேறு ஊர்ப் பட்டாலியனில் இருந்தவனையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அண்ணன் தம்பியா, அண்டை வீட்டானா என்று சுவர் சொல்லாது. நின்று படித்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் படிப்பது நின்று, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டினால் நோவ் ஷபெல். நாலாவது பட்டாலியன் அன்று பாய்ந்தது இந்தக் கிராமத்துக்கு வடக்கே, மூலாங் து பியேத்ர் என்ற இடத்தை நோக்கி. இங்கே வந்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டண்டீ பட்டாலியன் அன்று ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் இல்லை. அது இருந்தது இந்தியப் படையின் மீரட் டிவிஷனில், பரேலி பிரிகேடில். பக்கத்தில் நின்றவர்கள் 69வது பஞ்சாபிகள், 33வது பஞ்சாபிகள், 58வது வாகன்ஸ் ரைபிள்ஸ். சணல் நூற்றவனும் பஞ்சாப் கிராமத்தானும் ஒரே உத்தரவில், ஒரே காலையில் ஏறினார்கள். லூஸ் சண்டையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது.

சாலைச் சந்திப்பை ஒட்டி இந்திய நினைவகம். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927ல் திறந்தது. வட்டமான மதில், அதில் ஒரு பாதி ஜாலி, அதாவது கல்லில் துளையிட்ட பின்னல் வேலைப்பாடு, நடுவில் பதினைந்து மீட்டர்த் தூண், அதன் தலையில் தாமரையும் கிரீடமும் நட்சத்திரமும். தூணின் அடியில் இரண்டு புலிகள். கடவுள் ஒருவனே, வெற்றி அவனுடையதே என்ற வாசகம் ஆங்கிலம், இந்தி, குருமுகி, அரபு எழுத்துக்களில். சுவரில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லாம் கல்லறை இல்லாதவர்கள். நான் போன நேரத்தில் வேறு யாரும் இல்லை. தோட்டக்காரர் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். 'இந்தியாவா?' என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றதும் மெஷினை அணைத்துவிட்டு, பெயர்ப் பதிவேடு வைத்திருக்கும் பெட்டியைக் கையால் காட்டினார்.

பதிவேட்டைப் புரட்டி 69வது, 33வது பஞ்சாபிகளைத் தேடி, சுவரில் அவர்கள் பகுதியைக் கண்டுபிடித்தேன். 1915 செப்டம்பர் 25 என்ற தேதி பதிவேட்டில் அடுத்தடுத்து வருகிறது. தந்தை பெயர், கிராமம், ஜில்லா என்று சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு வெறும் பெயர்தான்.

காரில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. ஒரே பிரிகேடில் ஒரே நேரத்தில் பாய்ந்து காணாமல் போனவர்கள். டண்டீக்காரன் பெயர் லூஸ் சுவரில். பஞ்சாபி பெயர் இங்கே. வழிகாட்டிப் பலகைகளில் இந்த நினைவகத்தில் லூஸ் பற்றி, அந்த நினைவகத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும். பெயர்களைப் பிரித்துப் பதிந்ததற்கு நிர்வாகக் காரணம் இருந்திருக்கும். இருந்தாலும் நூறு வருடம் ஆகிவிட்டது. ஒரு பலகைக்கு எத்தனை செலவு?

போக நினைப்பவர்களுக்கு: லீலிலிருந்து கார் எடுத்தால் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம், பஸ்ஸை நம்பிப் போனால் கஷ்டம். நோவ் ஷபெல் நினைவகத்துக்கு எதிர்ப்புறம் சாலையிலேயே போர்த்துக்கீசிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய்விடுங்கள். டண்டீக்குப் போவதென்றால் செப்டம்பர் 25ஐ ஒட்டிப் போங்கள்.